கைக்கோடரிக்குள் ஒரு கடிகாரம்

ஆந்திரத்தின் சத்தியவேட்டைச் சுற்றியுள்ள குன்றுகளில் மழை அரித்த சரிவைப் பார்த்தால், செம்மண்ணில் உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். டைனோசர் காலத்தில் படிந்தவை. நிலவியல் நூல்களில் இந்தப் படிவத்துக்கே சத்தியவேடு என்றுதான் பெயர்.

தெற்கே, தமிழக எல்லைக்குள், கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே, இதுபோன்ற உருண்டைக் கற்களில் ஆதிமனிதர் செதுக்கிய கருவிகளைக் கண்டெடுத்தார். அவர் நிலவியலாளர், பாறை பார்க்க வந்த கண்ணுக்குத்தான் மனிதக் கை பட்ட கல் தெரிந்தது.

1999இல் சாந்தி பப்பு குழுவினர் அங்கே மறுபடி தோண்டினார்கள். அடியிலிருந்த களிமண் அடுக்கு மனிதருக்கு வெகுகாலம் முந்தையது என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். அதற்குள்ளும் கைக்கோடரிகள் கிடைத்தன. வயது என்ன? இந்தக் கேள்விக்குத் தொல்லியல் மட்டும் பதில் சொல்ல முடியாது.

வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் அண்டக்கதிர்கள் பட்டுப் பட்டு, படிகத்துக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு வகை அணுக்கள் துளித்துளியாய்ச் சேரும். ஆழப் புதைந்துவிட்டால் சேர்வது நின்று, சிதைவு மட்டும் தொடரும். அலுமினியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டு. பெரிலியத்துக்கு அதைப்போல் இரு மடங்கு. மிச்சமுள்ள விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் வந்துவிடும். ஆதிமனிதன் செதுக்கிய அதே கல்லே கடிகாரம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. மண்ணில் உறைந்திருந்த பழைய காந்தத் திசையையும் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி 15 லட்சம் ஆண்டு, எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்கு மேல் என்று 2011இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். எழுதியவர்களில் பிரெஞ்சு அறிவியலாளர்களும் இருந்தார்கள். மேலடுக்குகளுக்கு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் துணைநின்றது. மணல்துகள் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று அதன் ஒளிர்வைக் கொண்டு அளந்தார்கள். கருவி செய்யும் முறை அங்கே மாறத் தொடங்கிய காலம் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் என்றது 2018 நேச்சர் கட்டுரை.

சத்தியவேட்டுப் பிள்ளைகள் பத்தாவது முடித்து இன்டர்மீடியட் சேரும்போது எம்பிசியா (கணிதம், இயற்பியல், வேதியியல்), பைபிசியா (உயிரியல், இயற்பியல், வேதியியல்), ஹெச்இசியா (வரலாறு, பொருளியல், குடிமையியல்) என்று கேட்கிறோம். எம்பிசி எடுத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அன்றோடு வரலாறு முடிந்துவிடுகிறது. ஹெச்இசி எடுத்த பிள்ளைக்கு அணு முடிந்துவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. ஊருக்கு வெளியே கிடக்கும் ஓர் உருண்டைக் கல்லை அந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அத்திரம்பாக்கத்துக்கு அருகிலுள்ள பூண்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் கைக்கோடரிகளின் முன் அவர்களை ஒன்றாக நிறுத்த வேண்டும். அத்திரம்பாக்கத்தின் அதே களிமண் அடுக்கில் விலங்குகளின் குளம்படிகளும் பதிந்திருந்தன. அது பைபிசிப் பிள்ளைக்கான கேள்வி.