உயரழுத்த மின் ஆளிகளின் பராமரிப்பும் கமக்காரர் கவனிக்க வேண்டியவையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. காலபோக நெல் மாரி மழையை நம்பி விளைகின்றது. மழை ஓய்ந்தபின் வெங்காயம், மிளகாய், கத்தரி முதலிய பயிர்கள் கிணற்று நீரால் வளர்கின்றன. சண்டிலிப்பாய்ப் பகுதியில் மின்சாரப் பம்பியால் நீர் இறைக்கும் கமக்காரர், மின்தடை நாளிற் பயிர் வாடுமே எனக் கவலையுறுவது இயல்பு. ஆயினும், முன்னறிவித்தலுடன் செய்யப்படும் தடைகள் பல மின்வழிகளையும் ஆளிகளையும் பரிசோதிப்பதற்கானவை. அவற்றின் காரணத்தை அறிந்து நடந்தால் பயிரையும் உயிரையும் காக்கலாம்.

மின்சாரம் வரும் வழி

போர்க்காலத்தில் அறுந்திருந்த தேசிய மின்வலையமைப்புத் தொடர்பு, 2013ஆம் ஆண்டில் கிளிநொச்சி–சுன்னாகம் மின்வழியினால் மீண்டும் குடாநாட்டுக்குக் கிடைத்தது. 132,000 வோல்ற்று அழுத்தத்தில் வரும் மின்சாரம் சுன்னாகம் உபமின்நிலையத்தில் 33,000 வோல்ற்றாகக் குறைக்கப்படுகின்றது. ஊரிலுள்ள மின்மாற்றி உயரழுத்தத்தை 400 அல்லது 230 வோல்ற்றாக்கித் தோட்டத்துக்கு அனுப்புகின்றது.

இருவகை ஆளிகள்

உயரழுத்த வழிகளில் இருவகை ஆளிகள் முக்கியமானவை. முதலாவது சுற்றுடைப்பான். பழுது நேரும்போது பெருகி ஓடும் மின்சாரத்தையும் இது தானே துண்டிக்கும். அப்போது எழும் தீப்பொறியை எண்ணெயோ, வெற்றிடமோ, தனி வாயுவோ அணைக்கும். இரண்டாவது தனிப்படுத்தும் ஆளி. இது கண்ணுக்குத் தெரியும் இடைவெளியை உண்டாக்கும். ஆனால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வலிமை இதற்கில்லை. ஆதலால் சுற்றுடைப்பானை முதலிலும் தனிப்படுத்தும் ஆளியைப் பின்னரும் திறத்தல் வேண்டும். முறை மாறினால் பெருந்தீப்பொறி எழுந்து தொழிலாளரைக் கொல்லக்கூடும்.

பரிசோதனை ஏன்?

சுற்றுடைப்பான் பல மாதங்கள் அசையாமற் கிடக்கலாம். எனினும் கம்பி அறுந்து விழும்போது ஒரு நொடிக்குள் திறத்தல் வேண்டும். சுழலாத கிணற்றுக் கப்பி இறுகிவிடுவது போல, அதன் பொறியும் மசகு காய்ந்து இறுகக்கூடும். ஆகவே அதனைத் திறந்து மூடிப் பார்ப்பர். தொடுகைகளின் தேய்வு, எண்ணெயின் தரம் அல்லது வாயுவின் அமுக்கம், திறக்கும் பொறியை இயக்கும் மின்கலங்கள் ஆகியவற்றைச் சோதிப்பர். பீங்கான் காவலிகளிற் படியும் தூசியும் கடற்காற்றின் உப்பும் பனியில் நனைந்தால் மின்சாரம் கசியுமாதலால் அவற்றையும் துடைப்பர். தளர்ந்த இணைப்புகள் சூடேறுமாதலால் அவற்றை இறுக்குவர்.

வேலை தொடங்குமுன் வழியைத் துண்டித்து, ஆளியைப் பூட்டி, மின்சாரம் இல்லையெனக் கருவியாற் சோதித்து, கம்பிகளைப் புவியுடன் தொடுப்பர். இவற்றில் ஒன்றையேனும் விடுதல் ஆகாது.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. தடை அறிவிக்கப்பட்டால் இளம் நாற்றுக்கும் புதிதாக நட்ட பயிருக்கும் முதல்நாளே நீர் பாய்ச்சுக.

2. மின்சாரம் நின்றவுடன் பம்பியின் ஆளியை நிறுத்துக. பழுது பார்க்கும் கையிருக்கும்போது பம்பி திடீரெனச் சுழலக்கூடும்.

3. மின்பிறப்பாக்கியை வீட்டு மின்னிணைப்பில் நேரே பொருத்துதல் கூடாது. மின்மாற்றி இருதிசையிலும் வேலை செய்யும். தோட்டத்திலிருந்து செல்லும் 230 வோல்ற்று அதனூடு பல்லாயிரம் வோல்ற்றாகி, கம்பத்தில் நிற்பவரைக் கொல்லக்கூடும். தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு மாற்று ஆளி பொருத்துவித்தல் வேண்டும்.

4. அறுந்து விழுந்த கம்பியை அணுகற்க. காய்ந்த நிலத்திற் கிடக்கும் கம்பியில் மின்னோட்டம் சிறிதாயின் சுற்றுடைப்பான் திறவாமலும் இருக்கலாம். பிறரையும் கால்நடைகளையும் தூர விலக்கி, மின்வழங்கும் அலுவலகத்துக்கு உடனே அறிவிக்குக.

5. கம்பியை நெருங்கும் பனையோலை, தென்னோலை, வேலிமரக் கிளை ஆகியவற்றைத் தாமே வெட்ட முயலாது அவ்வலுவலகத்துக்குத் தெரிவிக்குக.

6. பம்பிக் கொட்டிலிலுள்ள ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்குக. அது விழாவிடின் பம்பியை இயக்கற்க. உருகியில் தடித்த கம்பி கட்டற்க. கோடையில் நிலம் காய்வதாற் புவித்தொடுப்பு வலுக்குறையுமாதலால் அதனை மின்வினைஞரைக் கொண்டு சோதிப்பிக்குக.

ஒரு நாள் தடைக்கு முன்கூட்டியே நீர் பாய்ச்சிக்கொள்ளலாம். இழந்த உயிரை மீட்டல் இயலாது. ஆளிகள் வேண்டிய வேளையில் தவறாது இயங்குவதற்குப் பராமரிப்பு இன்றியமையாதது. பராமரிப்போரின் உயிருக்குக் கமக்காரரின் கவனமும் காவலாகும்.