காய்ச்சினாலும் போகாது நைட்ரேட்!
பச்சிளங் குழந்தையை நீலமாக்கும் கிணற்றுத் தண்ணீர்

செஞ்சி,-
பளிங்கு போலத் தெளிந்த தண்ணீர். வாடை இல்லை. நிறம் இல்லை. குடித்தால் ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் பால் குடிக்கும் குழந்தையின் உதட்டை நீலமாக்கிவிடும் உப்பு அதற்குள் ஒளிந்திருக்கலாம்! அதன் பெயர் நைட்ரேட்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2023-ம் ஆண்டு நாடு முழுவதும் 15 ஆயிரத்து 259 இடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதித்தது. முடிவு 2024-ம் ஆண்டு அறிக்கையில் வெளிவந்தது. நூற்றுக்கு 20 இடங்களில் நைட்ரேட் அளவுக்கு மீறி இருந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 37!

மிக மோசமான 15 மாவட்டங்களின் பட்டியலும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் இருந்து அதில் இடம் பிடித்த ஒரே மாவட்டம் விழுப்புரம். செஞ்சிக் கோட்டையும், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோவில் உள்ள தளவானூரும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

அதற்காக எல்லாக் கிணறும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு கிணறு நல்லதாக இருக்கும். பக்கத்துத் தெரு போர் மோசமாக இருக்கும். அதுதான் சிக்கல்!

எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் தண்ணீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர விதி.

45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. "பயிர் கருகருன்னு வரணும்" என்று அள்ளிக் கொட்டினால், பயிர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் நைட்ரேட்டாக மாறி, பாய்ச்சும் தண்ணீரோடும் மழையோடும் மண்ணுக்குள் இறங்கும்.

உரம் மட்டும் குற்றவாளி அல்ல. கிணற்றோரக் குப்பைமேடு, மாட்டுத் தொழுவம், கக்கூஸ் குழி எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

நீலக் குழந்தை

1945-ம் ஆண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலம். பண்ணை வீட்டுக் கைக்குழந்தைகளின் உடம்பு நீலம் பாரித்தது. காரணத்தைக் கண்டுபிடித்து எழுதியவர் டாக்டர் ஹண்டர் காம்லி. கிணற்றுத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பாலே காரணம்!

நைட்ரேட் குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறுகிறது. அது ரத்தத்தில் கலந்ததும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது. உதடும் நகமும் நீலமாகின்றன. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் பயம் அதிகம்.

தாயின் தவறான கணக்கு

"நல்லா காய்ச்சிட்டா ஒண்ணும் பண்ணாது" என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். கிருமிக்கு அது சரி. நைட்ரேட்டுக்கு நேர்மாறு! லிட்டருக்கு 40 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால், அதுவே லிட்டருக்கு 80 ஆகிவிடும். தண்ணீர்தான் ஆவியாகும்; உப்பு அப்படியே தங்கிவிடும்.

துணியில் வடிகட்டினாலும், பிளீச்சிங் பவுடர் போட்டாலும், படிகாரம் கலக்கினாலும் இது போகாது. ஆர்.ஓ. எந்திரம் பெருமளவு குறைக்கும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே பாதுகாப்பு. புட்டிப்பால்தான் கதி என்றால், சோதித்த நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். குழந்தை நீலம் பாரித்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குத் தண்ணீர் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சியும் தரப்படுகிறது. நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடம் இருக்கிறது. மழைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை பார்ப்பது நல்லது.

ஊர்க் கிணற்றில் அளவு மீறினால் வேறு நல்ல தண்ணீரைக் கலந்து குறைக்கலாம்; இல்லையென்றால் வேறு இடத்தில் தண்ணீர் தேடலாம். மண் பரிசோதனை செய்து, யூரியாவை அளவறிந்து பிரித்துப் பிரித்துப் போட்டால் பணமும் மிச்சம், கிணறும் மிச்சம்.

கண்ணுக்கும் நாக்குக்கும் சிக்காத இந்தத் திருடனைச் சோதனைக் குழாய்தான் பிடிக்கும்!