உஷார்! திமில் பார்த்துக் காளையை நம்பாதீர்கள்

ஒரே காளையிடம் ஓட்டிப்போன மாடுகளில் நாலைந்து, 21 நாள் கழித்து மறுபடியும் பருவத்துக்குக் கத்துகின்றனவா? வியாபாரிக்குப் போன் போடாதீர்கள். முதலில் அந்தக் காளையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சினை பிடிக்காத மாடு என்று பழி சுமத்தி, நல்ல கறவைகளை அடிமாட்டுக்குத் தள்ளிவிடும் கொடுமை நம் ஊர்களில் நடக்கிறது. குறை காளையிடம் இருந்தால், அடுத்து வாங்கும் மாடும் அதே காளையிடம்தானே போகும்?

திமில், கொம்பு, தாண்டுகிற வேகம் இவற்றைப் பார்த்துத்தான் பொலிகாளைக்கு மதிப்புப் போடுகிறோம். பாய்ந்து தாண்டும் காளையின் விந்தில் உயிரணு சரியாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. முழு மலட்டுக் காளையாவது சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். அரைகுறைக் காளைதான் பயங்கரம். பத்து மாட்டில் மூன்று நான்கு சினை நிற்கும், யாருக்கும் சந்தேகமே வராது, வருஷம் ஓடிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரை, உடல் சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். கத்திரி வெயிலோ, கோமாரிக் காய்ச்சலோ அந்தக் குளிர்ச்சியைக் கெடுத்தால், பாதிப்பு அன்றைக்கே தெரியாது. விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவரச் சுமார் 70 நாள் ஆகும். அதனால் காய்ச்சல் விட்டு, காளை தெம்பாகத் தீவனம் தின்கிற நாளில்தான் கெட்ட விந்து வந்துகொண்டிருக்கும். குணமாகிவிட்டது என்று உடனே மாடு சேர்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நோய் விஷயம் இதைவிட மோசம். கேம்பிலோபாக்டர், டிரைக்கோமோனாஸ் கிருமிகளைச் சுமக்கும் காளை வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகவே தெரியும். ஊர் மாடுகளையெல்லாம் சேரும் கோயில் காளைக்கு இது தொற்றினால் தெருத்தெருவாகப் பரவும். கன்று வீச்சு நோயான புருசெல்லா மனிதருக்கும் தொற்றும்.

கால்நடை மருத்துவர் செய்யும் சோதனை ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. கண், கால், குளம்பு பார்ப்பார். விரைகளைத் தடவிப் பார்த்து, விரைப்பையின் சுற்றளவை டேப்பால் அளப்பார். விந்தை நுண்ணோக்கியில் வைத்து ஓட்டத்தையும் வடிவத்தையும் பார்ப்பார். அமெரிக்க அளவுகோலில் விந்தணுக்களில் குறைந்தது 30 சதவீதம் முன்னோக்கி ஓட வேண்டும், 70 சதவீதம் சரியான வடிவில் இருக்க வேண்டும். இரண்டு வயது தாண்டிய காளைக்கு அந்த அளவுகோல் கேட்கும் விரைப்பைச் சுற்றளவு குறைந்தது 34 செ.மீ. அதைக் காங்கேயத்துக்கோ புலிக்குளத்துக்கோ அப்படியே பொருத்திவிடாதீர்கள், அதே இனத்து, அதே வயதுக் காளைகளோடு ஒப்பிட வேண்டும். விரை நன்றாக வளர்ந்த காளையின் பெண் கன்றுகள் முன்கூட்டியே பருவத்துக்கு வரும் என்பதால், இனவிருத்திக்குக் காளை பொறுக்குபவர்கள் இந்த அளவை விடவே கூடாது.

காளை வாங்கப் போகிறீர்களா? புருசெல்லா ரத்தப் பரிசோதனை முடிவையும் விந்துப் பரிசோதனைச் சீட்டையும் கையில் வாங்காமல் அச்சாரம் கொடுக்காதீர்கள். வீட்டுக் காளைக்குக் காய்ச்சல் கண்டிருந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஓய்வு கொடுங்கள். மறுபடி விந்தைச் சோதித்த பிறகே மாடு சேருங்கள். அதுவரை பருவத்துக்கு வரும் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுக்கொள்ளலாம்.