அசோலா: பூக்காத செடி சமைக்கும் தழைச்சத்து



வயலோரத்தில் நாலு இலையோடு தலைகாட்டுகிற ஆரைக்கீரையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது பூத்துப் பார்த்தவர் உண்டா? இல்லை. அது பெரணி இனம். சென்னை தியாகராய நகர் வீடுகளில் நிழலான தாழ்வாரத்தில் அழகுக்காகத் தொட்டியில் வளர்ப்பதும் இதே இனம்தான். பூ உலகில் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்த பழங்குடிச் செடி.

பழங்குடியானாலும் சமையல் முறை நம்ம நெல்லுடையதேதான். இலையிலுள்ள பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது. அந்தப் பலத்தைக் கொண்டு தண்ணீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரை பண்ணுகிறது. பிராண வாயுவை வெளியே விடுகிறது. இதற்குப் பெயர் ஒளிச்சேர்க்கை.

அசோலா என்னும் நீர்ப்பெரணி இதில் ஒரு படி மேலே. அதன் ஒவ்வொரு இலையும் இரண்டு மடல். கீழ்மடல் மெல்லியது, தண்ணீரில் படிந்திருக்கும். மேல்மடல்தான் பச்சை, பெரும்பாலான சமையல் அங்கேதான். அந்த மடலுக்குள் இருக்கும் சிறு குழியில் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. அசோலா அதற்குச் சர்க்கரை கொடுக்கும். பாசியோ காற்றிலுள்ள தழைச்சத்தை அம்மோனியாவாக மாற்றி வாடகை கட்டும். இந்த வேலைக்குச் சக்தி நிறைய வேண்டும். ஒளிச்சேர்க்கை குறைந்தால் வாடகையும் குறைந்துபோகும்.

ஆகவே, வளர்ப்புக் குட்டையில் அசோலா சிவந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். கடும் வெயில் அல்லது மணிச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். லேசாக நிழல் கட்டுங்கள். கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போடுங்கள். தண்ணீர் வற்ற விடாதீர்கள்.

நடவு முடிந்து ஒரு வாரத்தில் ஏக்கருக்கு 100 கிலோ தூவலாம். வயல் முழுக்கப் படர்ந்ததும், களையெடுக்கும்போது நீரை வடித்துச் சேற்றில் மிதித்துவிடுங்கள். இதுதான் முக்கியம். மிதக்கிற வரை தழைச்சத்து பெரும்பாலும் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கும். மட்கினால்தான் நெல்லுக்குக் கிடைக்கும். நன்றாகப் படர்ந்தால் எக்டேருக்குச் சுமார் 30 கிலோ தழைச்சத்து சேரும். அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய அரை மூட்டை யூரியா மிச்சம்.

வியட்நாமிலும் சீனாவிலும் உழவர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். நீங்களும் முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பாருங்கள். பலனைக் கண்ட பிறகு மற்ற வயலுக்குப் பரப்புங்கள்.