கதவிடுக்கில் ஒரு கடிதம்

தெருமுனைச் சிவப்புத் தபால் பெட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? கடிதத்தைப் போடலாம், கையை விட்டு எடுக்க முடியாது. அதே கடிதம் சேத்தியாத்தோப்பில் பூட்டிய ஒரு வீட்டை அடைந்தால்? கதவிடுக்கில் செருகிக் கிடக்கும், அல்லது திண்ணையில்!

அது ஆதார்க் கடிதம் என்று வைத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, முகவரி, நிழற்படம், 12 இலக்க எண் எல்லாம் ஒரே தாளில். இந்த எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் 11 இலக்கங்களைக் கொண்டு கணக்கிடப்படுவதே கடைசி இலக்கம். வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969-இல் வெளியிட்ட முறை இது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றினாலும் கணிப்பொறி கண்டுபிடித்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் எண் சரியா என்றுதான் அது பார்க்கும். ஆள் சரியா என்று பார்க்காது.

திருடன் நுழைவது இந்த இடைவெளியில்தான். வங்கி அதிகாரி போலத் தொலைபேசியில் பேசுவான். பிறந்த தேதி வரை சரியாகச் சொல்கிறானே என்று தாத்தா நம்பி, ஓ.டி.பி.யையும் சொல்லிவிடுவார்.

ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் வங்கிகள் தனித்தனி உறைகளில் அனுப்பி வந்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? ஓர் உறை களவு போனாலும் பயனில்லை.

வீட்டு வாசலுக்கு ஒரு தகரப் பெட்டியும் சிறு பூட்டும் போதும். நகல் கேட்பவர்களுக்கு, முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். உங்கள் வீட்டார் பெயரில் எத்தனை செல்பேசி இணைப்புகள் உள்ளன என்று, 2023-இல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அறியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.