'ஸ்கூல் போட்டோ வேண்டாம், என் போட்டோ வேணும்!' அமெரிக்காவில் கோர்ட் வரை போன 'சீனியர் போர்ட்ரெய்ட்'... அப்படி என்ன இருக்கு இதில்?

ஸ்கூல் போட்டோ என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது குரூப் போட்டோதான். நடுவில் தலைமை ஆசிரியர், இரண்டு பக்கமும் டீச்சர்கள், பெஞ்ச் மேல் ஏறி நிற்கும் கடைசி வரிசை. கண்ணை மூடியிருந்தாலும் சரி, முன்னாடி நிற்பவர் மறைத்திருந்தாலும் சரி, அதுதான் போட்டோ.

ஆனால், அமெரிக்காவில் கதையே வேறு. பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மாணவர் ஒருவருக்கு தனி போட்டோகிராபர், பிடித்த லொக்கேஷன், இரண்டு மூன்று உடை மாற்றம் என கிட்டத்தட்ட கல்யாண போட்டோஷூட் ரேஞ்சுக்குப் படம் எடுக்கிறார்கள். இதன் பெயர்தான் 'சீனியர் போர்ட்ரெய்ட்'.

வெறும் போட்டோதானே என்று கடந்து போக முடியாது. இதற்காகப் பள்ளிகள் மீது வழக்கே போட்டிருக்கிறார்கள். என்ன காரணம்? பார்க்கலாம்.

சீனியர் போர்ட்ரெய்ட் என்றால் என்ன?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். கடைசி ஆண்டான 12-ம் வகுப்பில் படிப்பவர்கள்தான் 'சீனியர்'. ஒவ்வொரு ஆண்டும் பள்ளி வெளியிடும் நினைவு மலருக்கு 'இயர்புக்' என்று பெயர். மற்ற வகுப்பு மாணவர்களின் படம் அதில் ஸ்டாம்ப் சைஸில்தான் இருக்கும். சீனியர்களுக்கு மட்டும் பெரிய படம், தனிப் பக்கங்கள்.

அந்தப் படத்தோடு பட்டமளிப்பு விழா அழைப்பிதழ், உறவினர்களுக்கு அனுப்பும் கார்டு, வீட்டுச் சுவரில் மாட்டும் பிரேம் என எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுப்பதுதான் சீனியர் போர்ட்ரெய்ட். பொதுவாக 11-ம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கி, இயர்புக்குக்குப் படம் கொடுக்க வேண்டிய கடைசி தேதிக்குள் ஷூட்டை முடித்துவிடுவார்கள்.

'பிக்சர் டே'-வில் என்ன பிரச்னை?

அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு நாள் 'பிக்சர் டே'. பள்ளி ஒப்பந்தம் போட்ட நிறுவனம் கேமரா, லைட், திரையோடு வந்து இறங்கும். மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரே ஸ்டூல், ஒரே பின்னணி, ஒரே கோணம். சிரித்தாயா, அடுத்த ஆள் வா! அவ்வளவுதான். படம் சரியாக வரவில்லை என்றால் 'ரீடேக்' என இன்னொரு நாள் கிடைக்கும்.

இது சின்ன வியாபாரம் இல்லை. இந்தத் துறையின் பெரிய நிறுவனமான லைஃப்டச் 1936-ல் மினசோட்டாவில் தொடங்கப்பட்டது. 2018-ல் ஷட்டர்ஃபிளை நிறுவனம் இதை 82.5 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குக் குறைந்த நேரத்தில், ஒரே மாதிரி படம் வேண்டும் என்றால் இந்த முறை சரிதான். ஆனால், பல்லில் கம்பி, முகத்தில் பரு, கேமராவைப் பார்த்தாலே கூச்சம் என்று இருக்கும் 17 வயதுப் பிள்ளைக்கு அந்த சில நொடிகள் போதாது.

இந்தப் பழக்கம் எப்போது வந்தது?

தனித்தனியாகப் படம் எடுப்பது இன்ஸ்டாகிராம் காலத்துப் பழக்கம் என்று நினைத்தால் அது தப்பு. 1850, 60-களிலேயே பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் கெண்டல் வாரன் என்ற போட்டோகிராபர், ஹார்வர்டு, யேல் போன்ற கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களைத் தனித்தனியாகப் படம் எடுத்துக் கொடுத்தார். புத்தகத்தில் போட்டோவை அச்சடிக்கும் வசதி பரவாத காலம் அது. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த நண்பர்களின் படங்களை வாங்கி, ஆல்பமாக பைண்டிங் செய்து வைத்துக்கொண்டார்கள். இன்றைய இயர்புக்குக்கு அதுதான் முன்னோடி.

ஷூட் எப்படி நடக்கும்?

முதலில் போட்டோகிராபர் மாணவரிடம் பேசுவார். என்ன பிடிக்கும், என்ன விளையாட்டு, எந்த இடம் என்று கேட்பார். வயலின் வாசிப்பவர் வயலினோடு, நீச்சல் வீரர் குளத்தில், சிலர் வளர்ப்பு நாயோடு. சூரியன் சாயும் நேரத்து மஞ்சள் வெளிச்சத்தில் முகம் மென்மையாகத் தெரியும் என்பதால் மாலை நேர ஷூட்டுக்குத்தான் மவுசு.

கூச்சம் போக நேரம் கொடுப்பதுதான் இதில் முக்கியம். முதல் அரை மணி நேரப் படங்களில் விறைப்பாக நிற்கும் பிள்ளை, பிறகு மெல்ல சகஜமாகிவிடும். பருவை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம். மச்சம், தழும்பில் கை வைக்கும் முன் மாணவரிடமே கேட்டுவிடுவது நல்லது. அதுவும் அவர் முகம்தானே!

செலவு எவ்வளவு? யார் கொடுப்பது?

ஷூட்டுக்குத் தனிக் கட்டணம், பிரிண்ட், ஆல்பத்துக்குத் தனிக் கட்டணம். சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மலை உச்சியில் ஷூட். மற்றவருக்கு பள்ளி ஜிம்மில் ஒரு ஸ்டூல். ஒரே இயர்புக்கில் இரண்டும் பக்கத்து பக்கத்தில் வரும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இதனால்தான் சில பள்ளிகள், 'இயர்புக்கில் ஒப்பந்த ஸ்டூடியோ எடுத்த படம் மட்டும்தான்' என்று விதி வைத்திருக்கின்றன. சமத்துவம் ஒரு காரணம். ஆனால், ஒப்பந்த நிறுவனத்தின் விற்பனையில் பள்ளிக்குப் பங்கு கிடைப்பதும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

கோர்ட் வரை போனது ஏன்?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. 'என் போட்டோவில் நான் எப்படி இருக்கணும் என்பதை யார் முடிவு செய்வது?' என்பதுதான் கேள்வி.

* நியூ ஹாம்ப்ஷயர்: துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர், துப்பாக்கியோடு எடுத்த படத்தைக் கொடுத்தார். சீனியர் பக்கத்தில் போட மறுத்தார்கள். வழக்கு போனது. இயர்புக் ஆசிரியர் குழுவில் இருந்த மாணவர்களே எடுத்த முடிவு என்பதால் தலையிட முடியாது என 2005-ல் கோர்ட் கைவிரித்தது.

* ரோட் ஐலண்ட்: இடைக்கால வீரர் போல இரும்புக் கவச உடையில், வாளோடு ஒரு மாணவர் படம் எடுத்தார். ஆயுதத்துக்கு இடமில்லை என்றது பள்ளி. வழக்கு வரை போன இந்த விவகாரத்தில், 2007-ல் மாநிலக் கல்வி ஆணையர் மாணவர் பக்கம் முடிவு சொன்னார்.

* மிசிசிப்பி: அந்தப் பள்ளியில் ஆண்களுக்கு டக்ஸிடோ கோட், பெண்களுக்குத் தோளில் போர்த்தும் கறுப்புத் துணி என்று வழக்கம். ஒரு மாணவி டக்ஸிடோ அணிந்து படம் எடுத்துக்கொண்டார். 2010-ல் வெளிவந்த இயர்புக்கின் சீனியர் பக்கத்தில் அவர் படமும் இல்லை, பெயரும் இல்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனி ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே மாதிரி பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் என்று 2011-ல் பள்ளி நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

மூன்றும் மூன்று விதமாக முடிந்தவை. ஆனால், மிசிசிப்பி வழக்கைக் கவனியுங்கள். வேறு மாதிரி உடை அணிந்ததற்காக, பல வருடம் படித்த பள்ளியின் நினைவு மலரில், சீனியர் பக்கத்தில் ஒரு மாணவி அங்கே படித்த சுவடே இல்லாமல் போனது. ஒரு போட்டோவின் மதிப்பு அப்போதுதான் புரியும்.

போட்டோ யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்தது நாம்தானே, படம் நம்முடையதுதானே என்று கேட்கலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை காப்புரிமை போட்டோகிராபருக்குத்தான். அனுமதி இல்லாமல் பிரிண்ட் போடுவது கூட சிக்கலாகலாம்.

இந்தியாவில் தலைகீழ். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால், இங்கே ஷூட் புக் செய்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

அங்கே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பிள்ளை 12-ம் வகுப்புக்குப் போனதும் இந்தக் கேள்வி வந்துவிடும். பட்டுப்புடவையா, பாவாடை தாவணியா, கவுனா? ஆசைப்பட்டதை எடுக்கலாம். ஆனால், புக் செய்யும் முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* இயர்புக்கில் வெளி போட்டோகிராபர் எடுத்த படத்தை ஏற்பார்களா, உடை விதி என்ன என்று முதலில் பள்ளியில் கேளுங்கள்.

* ஷூட் கட்டணத்தில் டிஜிட்டல் பைல் சேர்த்தியா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள்.

* போட்டோகிராபர் தன் விளம்பரத்துக்குப் படத்தைப் பயன்படுத்தலாமா என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கும். வேண்டாம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

* பள்ளி எடுக்கும் படங்களை வெளியே பகிர வேண்டாம் என்று சொல்ல, 1974-ம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் வழி தருகிறது. 18 வயது ஆனதும் அந்த உரிமை மாணவரிடமே போய்விடும்.

* சோஷியல் மீடியாவில் போடும்போது பள்ளிப் பெயர், ஆண்டைச் சேர்க்காதீர்கள். 2020-ல் பலர் தங்கள் பழைய சீனியர் படங்களைப் பகிர்ந்தபோது, இந்த விவரங்கள் பாஸ்வேர்டு பாதுகாப்புக் கேள்விகளுக்கான பதிலாக இருக்கலாம் என பெட்டர் பிசினஸ் பீரோ எச்சரித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையிடம் கேளுங்கள். சிலருக்கு மலை உச்சி பிடிக்கும். சிலருக்கு வீட்டு வாசல்படியே போதும். போட்டோவே வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.