பிரேக்குக்கு வண்ணச் சட்டை!



சில கார்களில் சக்கரத்தின் இடைவெளி வழியாகச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு உலோகப் பகுதி தெரியும். பார்த்திருக்கிறீர்களா? அதுதான் பிரேக் காலிபர். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் பிரேக் ஆயில் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேடு, சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும். வண்டி நிற்கும். எல்லாம் பாஸ்கல் விதிதான்!

பல காலிபர்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. தண்ணி, சேறு பட்டுத் துருப்பிடிக்கும். சாதா பெயிண்ட் அடிச்சா, பிரேக் ஆயில் பட்டதும் உரிஞ்சு வந்துடும். அதனால் சிலர் பவுடர் கோட்டிங் செய்கிறார்கள். ஸ்டீல் பீரோக்களுக்கும் இதைச் செய்வதுண்டு.

பவுடர் எப்படி ஒட்டுகிறது?

சீப்பைத் தலையில தேய்ச்சு, பேப்பர் துணுக்குகிட்ட கொண்டு போனா ஓடி வந்து ஒட்டும் இல்லையா? அதே நிலைமின்சாரம்தான். துப்பாக்கி போன்ற கருவி பவுடருக்கு மின்னூட்டம் கொடுத்துத் தூவும். எர்த் செய்து தொங்கவிட்ட காலிபரில் அது போய் ஒட்டும். பின்பக்கத்துக்கும் சுற்றிக்கொண்டு போகும். ஆனா அப்போ விரல் பட்டாலே அழிஞ்சிடும். பிறகு ஓவனில் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடம் வைப்பார்கள். பவுடர் உருகி, பிணைந்து, கெட்டியாகிவிடும். வெந்த முட்டை திரும்பவும் தண்ணியாகுமா? ஆகாது. இதுவும் அப்படித்தான்.

செய்முறை:

1. காலிபரைக் கழற்றி பிஸ்டன், ரப்பர் சீல் எல்லாத்தையும் எடுத்துடணும். ஓவன் சூட்டில் ரப்பர் கெட்டுவிடும்.

2. எண்ணெய்ப் பிசுக்கையும் துருவையும் சுத்தமாக நீக்கணும்.

3. வெறும் காலிபரை ஒருமுறை சூடாக்கணும். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் இருக்கும் எண்ணெயும் காற்றும் வெளியேறும். இல்லேன்னா பூச்சில் கொப்புளம் வரும்.

4. பிஸ்டன் ஓடும் குழி, ஆயில் துளை, மரை, பேடு நகரும் இடம் ஆகியவற்றைச் சூடு தாங்கும் டேப்பாலும் சிலிக்கான் அடைப்பானாலும் மூடணும்.

5. பவுடர் தூவி, ஓவனில் வைத்து, ஆறவிட்டு, புது சீல் போட்டு மாட்டணும்.

6. பிரேக் லைனில் ஏர் எடுக்கணும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது.

இதில் 4-வது படிதான் உயிர் காக்கும் படி. பூச்சின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் பிஸ்டன் குழிக்குள் போய்விட்டால் பிஸ்டன் இறுகிக்கும். டிஸ்க்கிலும் பேடிலும் எந்தப் பூச்சும் படவே கூடாது. ஆகவே பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக்தான் இதைச் செய்யணும். பவுடர் மூச்சில் போகாமல் முகமூடியும் போட்டுக்கணும். நிறம் பளிச்சென்று இருக்கட்டும். அதற்கு முன்னாடி வண்டி நிக்கணும்!

யோசியுங்கள்: பிளாஸ்டிக் வாளிக்கு இதே முறையில் பவுடர் கோட்டிங் செய்வது ஏன் கஷ்டம்? இரண்டு காரணம் இருக்கு. விடை தெரிந்தவர்கள் எங்கள் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்.



- 9-ஆம் வகுப்பு மாணவி